கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்து நகரங்களைத் தனியாகச் சுற்றிவருவது எப்படி

பாம்பனில் இருந்துகொண்டு கம்பளி பின்னுகிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. மார்கழிப் பனிக்கும் ஒரு துண்டைப் போர்த்தினால் போதும் என்றிருக்கும் கடற்கரையில் ஸ்வெட்டர் யாருக்கு என்ற கேள்வி நியாயமானதுதான். பள்ளியில் கன்னியர் சொல்லிக்கொடுத்த அந்தக் கைவேலையை நான் விடாமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், வீட்டு வாசலில் பெரியப்பா வலையின் கிழிசலைச் சரிசெய்யும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஏதாவது பின்னிக்கொண்டிருக்கலாம் என்பதுதான். அந்தப் பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜூன் மாதத்தில் 16 நாட்கள் இங்கிலாந்தில் தனியாகச் சுற்றிவந்தேன். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் பின்னல் தெரிந்த பெண்கள் சிலர் அதே போலப் போய்வர வழி கேட்டிருப்பதால், எனக்குப் பயன்பட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நகரங்களின் பட்டியலைத் தயாரிக்காதீர்கள். பயண நிறுவனங்கள் தரும் பட்டியலில் 10 நாட்களில் 9 ஊர்கள் இருக்கும். எந்த ஊரிலும் பெட்டியைத் திறந்து துணியை மடித்துவைக்கக்கூட நேரம் இருக்காது. அதற்குப் பதிலாக, பின்னலின் வரலாற்றில் எதையெல்லாம் நேரில் பார்க்க ஆசை என்று எழுதிப் பாருங்கள். நகரங்கள் தாமாக அந்த வரிசையில் வந்து விழும். எனக்கு லண்டன், நாட்டிங்ஹாம், யார்க் என்ற மூன்று தங்குமிடங்கள் போதுமானவையாக இருந்தன. மற்ற ஊர்களுக்கு இந்த மூன்றிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே நமக்கு ஏற்றவை. ஜூனில் யார்க்கில் சூரியன் மறைய இரவு 9:30 தாண்டிவிடும். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். தனியாகச் செல்பவருக்கு இந்த வெளிச்சம் பெரிய துணை.

விசாவுக்கு, சுற்றுலா வருவோருக்கான சாதாரண விசிட்டர் விசாவைப் பிரிட்டன் அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதில் 6 மாதம் வரை தங்கலாம். பயண நாளுக்கு 3 மாதங்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வருவதற்குப் பொதுவாக 3 வாரம் ஆகும். நம் பகுதிப் பெண்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: தமிழில் உள்ள எந்த ஆவணத்தையும், பட்டாவானாலும் கூட்டுறவுச் சங்கக் கணக்கானாலும், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைக்க வேண்டும். பணம் இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது, அது எங்கிருந்து வந்தது என்பதும் கணக்கில் தெரிய வேண்டும். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் உறவினர் போட்ட பெருந்தொகை உதவியைவிட உபத்திரவத்தையே அதிகம் தரும். விசா கிடைக்கும் முன் விமானச் சீட்டை வாங்க வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீட்டை மட்டும் எந்தக் காரணத்தாலும் தவிர்க்காதீர்கள். அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் சுற்றுலா வந்தவர் கட்டணம் செலுத்தியாக வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயிலில் சென்னை சென்று அங்கிருந்து லண்டனுக்குப் பறப்பதே நமக்கு எளிய வழி. இதில் நான் பட்ட அவஸ்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் விதிப்படி பின்னல் ஊசியைக் கைப்பையில் கொண்டுசெல்லத் தடையில்லை. ஆனால் நம் நாட்டு விமான நிலையங்களில் சோதனையில் நிற்பவரின் தீர்ப்பே தீர்ப்பு. முன்பொரு பயணத்தில் பாதி பின்னிய சால்வையிலிருந்து உலோக ஊசியை உருவிக் குப்பைக்கூடையில் போட்டார்கள். 240 கண்ணிகள், அதாவது பின்னலின் வளையங்கள், என் மடியில் அநாதையாகக் கிடந்தன. ஆகவே உலோக ஊசிகள் அனைத்தையும் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் மூங்கிலால் ஆன வட்ட ஊசி ஒன்று போதும். புறப்படும் முன், மெல்லிய பருத்தி நூலை முனை மழுங்கிய தையல் ஊசியில் கோத்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் ஓட்டி, இரு முனைகளையும் தளர்வாக முடிந்துவிடுங்கள். ஊசியே பறிபோனாலும் பின்னல் பிரியாது. நூலை வெட்டுவதற்குச் சிறிய நகவெட்டி போதும்.

லண்டனுக்கு 4 நாட்கள் ஒதுக்கினால், அதில் ஒரு முழு நாளை தென் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட சிவப்புக் கம்பளிக் காலுறை இணை ஒன்று அவர்களிடம் இருக்கிறது, கி.பி. 3 முதல் 5-ஆம் நூற்றாண்டுக்குள் செய்யப்பட்டது. செருப்பின் வாரை இடுக்கிக்கொள்ள வசதியாகக் கட்டைவிரலுக்குத் தனியே பிளவு விட்டுச் செய்திருக்கிறார்கள். அது அப்போது காட்சியில் இருக்கிறதா என்பதை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். லண்டனின் மற்ற அதிசயங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான்காம் நாள் நாக்கு நம் ஊர்ச் சாப்பாட்டைக் கேட்கும். அப்போது ஈஸ்ட் ஹாமுக்குப் போனால் முருகன் கோயிலும் இட்லியும் தமிழ்ப் பேச்சும் கிடைக்கும்.

செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நாட்டிங்ஹாம் வந்துவிடும். இந்த நகரத்தை வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் ராபின் ஹூட்டுக்காகவே பார்க்கிறார்கள்; பின்னுகிறவருக்கு அது வேறு ஊர். அருகிலுள்ள கால்வர்ட்டன் கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் சட்டக இயந்திரத்தை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கும் என்று முதலாம் எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்ததாகச் சொல்கிறார்கள். அந்த இயந்திரம் இயங்குவதைப் பார்க்க, நகரின் தெற்கே பேருந்தில் எளிதில் சென்றடையக்கூடிய ரடிங்டன் கிராமத்தின் சட்டகப் பின்னலாளர் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். வாரத்தில் எல்லா நாட்களிலும் திறந்திருக்காது என்பதால், நாட்டிங்ஹாமில் தங்கும் நாட்களை இதன் நேரத்தைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

அங்கே ஒரு முற்றத்தைச் சுற்றிச் செங்கல் வீடுகளும் பட்டறைகளும் நிற்கின்றன. பட்டறையின் சன்னல்கள் சுவரின் நீளத்துக்கு ஓடுகின்றன. நுண்ணிய கொக்கி ஊசிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும் இயந்திரத்தை இருட்டில் இயக்க முடியாது என்பதால், பகல் வெளிச்சத்தில் ஒரு துளியும் வீணாகாதபடி கட்டியிருக்கிறார்கள். இருட்டிய பிறகு, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை மெழுகுவத்தியின் முன் வைத்து வெளிச்சத்தை ஊசிகளின் மீது குவிப்பார்களாம். செயல்முறை விளக்கம் இருக்கும் நாளில் சென்றால் இயந்திரத்துக்கு மிக அருகில் நின்றுகொள்ளுங்கள். நாம் ஒவ்வொன்றாக எடுக்கும் கண்ணிகளை அது ஒரே இழுப்பில் ஒரு வரிசை முழுவதும் எடுத்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வரிசைக்கு இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வேலை செய்தாக வேண்டும். சட்டகத்துக்கே வாடகை கட்டி வேலை செய்த இவர்களின் கூலி குறைந்துகொண்டே போனபோதுதான் 1811-இல் இந்தப் பகுதியில் லட்டைட்டுகள் எனப்பட்ட கிளர்ச்சிக்காரர்கள் சட்டகங்களை உடைக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டே அதற்குத் தூக்குத் தண்டனை என்று சட்டம் வந்தது. அவர்களை இயந்திரத்தை வெறுத்த மூடர்கள் என்று சொல்வது தவறு. மட்டமான சரக்கும் குறைந்த கூலியும்தான் அவர்களுடைய வழக்கு. விசைப்படகுகள் பெருகிய காலத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நகருக்குள் லேஸ் மார்க்கெட் என்றொரு பகுதி இருக்கிறது. சந்தை என்று நினைத்துப் பையோடு போகாதீர்கள், அது பழைய லேஸ் கிடங்குகள் நிற்கும் தெருக்களின் பெயர்.

யார்க்கில் பேராலயத்தையும் கோட்டைச் சுவரையும் பார்த்த பிறகு, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்து குடியேறிய வைக்கிங் மக்களைப் பற்றிய ஜோர்விக் வைக்கிங் மையத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு செல்லுங்கள். காப்பர்கேட் தெருவின் ஈர மண்ணில் அழுகாமல் கிடந்த 10-ஆம் நூற்றாண்டுக் கம்பளிக் காலுறை அங்கே இருக்கிறது. குழந்தைகள் எல்லோரும் வைக்கிங் பொம்மைகளைப் பார்க்க ஓடினார்கள். நான் அந்தக் காலுறையின் முன் அரைமணி நேரம் நின்றேன். பார்வைக்குப் பின்னல் போல இருந்தாலும் அது நாம் பின்னும் முறையில் செய்யப்பட்டதன்று. காதுள்ள ஒற்றை ஊசியில் கையளவு நூலைக் கோத்து, முன்னுள்ள வளையத்தின் வழியாக நூல் முழுவதையும் இழுத்து இழுத்துச் செய்வது. எகிப்தியக் காலுறையும் இதே முறைதான். நம் பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் கீழ்வரை ஏணி போலப் பிரிந்துவிடும். இதை நடுவில் கத்தரித்தாலும் பிரியாது. ஊர் திரும்பிய பின் அதன் மாதிரி ஒன்றைச் செய்து பெரியப்பாவிடம் கொடுத்தேன். விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, “முடிச்சுப் போடாத வலை தாயி இது, மீன் நிக்காது” என்றார்.

யார்க்கிலிருந்து ஒரு நாளைக் கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்பரோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விட்பிக்குப் பேருந்து உண்டு, இரண்டு மணிக்கு மேல் ஆகும், ஆனால் மேட்டுநிலத்தின் வழியாகச் செல்லும் அந்தப் பாதைக்காகவே போகலாம். இந்தக் கரையின் மீனவர்கள் அணிந்தது கான்சி என்ற கருநீல மேல்சட்டை. ஐந்திழை நூலை மெல்லிய ஊசிகளில், காற்றும் சாரலும் புகாத அளவுக்கு நெருக்கமாக, தையல் இல்லாமல் குழாய் போல வட்டமாகப் பின்னுவார்கள். அக்குளில் வைரவடிவத் துண்டு ஒன்றைச் சேர்ப்பதால் துடுப்பு வலிக்கும்போது கை இழுபடாது. கையைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னுவதுதான் எனக்குப் பிடித்த நுட்பம்: கயிற்றில் உரசி முதலில் தேய்வது மணிக்கட்டுப் பகுதி என்பதால், அதை மட்டும் பிரித்துப் புது நூலால் பின்னிவிடலாம். கயிறு, நங்கூரம், ஏணி, வலைக்கண் ஆகியவையே அதன் கோலங்கள். கரை ஒதுங்கும் உடலை அந்தக் கோலத்தை வைத்து இன்ன ஊர்க்காரர் என்று அடையாளம் கண்டார்கள் என்று கடைகளில் கதை சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று குறைவு. கோலங்கள் ஊர்விட்டு ஊர் தாராளமாகப் போய்வந்திருக்கின்றன.

மேற்கே லீட்ஸிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் சால்டயர் இருக்கிறது. அல்பாகா கம்பளியில் பொருளீட்டிய டைட்டஸ் சால்ட் 1853-இல் திறந்த ஆலையும் தொழிலாளர் குடியிருப்பும் 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நேரமிருந்தால், கைத்தறித் துணிகளை விற்க 1779-இல் திறக்கப்பட்ட ஹாலிபாக்ஸ் பீஸ் ஹாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் சீட்டுகளில் அட்வான்ஸ் வகை மிகவும் மலிவு. ஏறத்தாழ 12 வாரங்களுக்கு முன்பே விற்பனைக்கு வரும். ஆனால் அது குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும், தவறவிட்டால் பணம் போயிற்று. 60 வயது நிரம்பியவர்கள் சீனியர் ரயில்கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்; வெளிநாட்டவரும் வாங்கலாம். சில ரயில்களில் அமைதிப் பெட்டி என்று ஒன்று இருக்கும். பின்னுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

தனியாக இருப்பதன் சங்கடம் பகலில் தெரியாது, மாலையில் உணவகத்தில்தான் தெரியும். கையில் பின்னல் இருந்தால் அந்தச் சங்கடமே இல்லை. யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவளாக அல்லாமல், வேலையாக உட்கார்ந்திருப்பவளாக நம்மைப் பார்ப்பார்கள். நூல் கடைகள் பலவற்றில் வாரம் ஒரு மாலை பின்னுகிறவர்கள் கூடுவார்கள்; முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சென்றால் நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள். தங்கும் விடுதியை நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் எடுங்கள். ஆபத்துக்கு 999, ரயிலில் யாராவது தொல்லை கொடுத்தால் 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ரயில்வே காவல்துறைக்குப் போய்ச்சேரும். உணவில் ஓர் எச்சரிக்கை: யார்க்‌ஷயரில் மீனையும் உருளைக்கிழங்கையும் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள் பல உண்டு. சைவர்களும், மாட்டிறைச்சி உண்ணாதவர்களும், ஹலால் பார்ப்பவர்களும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நூல் வாங்குவதைக் கடைசி ஊருக்குத் தள்ளிவையுங்கள். இல்லாவிட்டால் எல்லா ஊருக்கும் அதைச் சுமக்க வேண்டிவரும். நாம் 8-ஆம் நம்பர், 10-ஆம் நம்பர் என்று சொல்லும் ஊசிகள் அங்கே இப்போது மில்லிமீட்டரில் விற்கப்படுகின்றன: 8 என்பது 4 மி.மீ., 10 என்பது 3.25 மி.மீ. ப்ளூஃபேஸ்டு லெஸ்டர் ஆட்டின் கம்பளி மென்மையும் மினுமினுப்பும் கொண்டது. ஸ்வேல்டேல் ஆட்டினுடையது சொரசொரப்பானது, கம்பளத்துக்கே ஆகும். நம் வெயிலுக்கு ஸ்வெட்டர் அளவு நூல் வாங்குவது வீண் ஆசை. 4 பிளை எனப்படும் மெல்லிய நூலில் 100 கிராம் சிட்டம் (நூல் கற்றை) ஒன்று பெரும்பாலும் 400 மீட்டர் வரை வரும். ஒரு ஜோடிக் காலுறைக்கோ கழுத்துத் துணிக்கோ அது போதும். ஒரே நிறத்தில் இரண்டு வாங்கினால் லேபிளில் உள்ள சாய எண் இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் வரியைத் திருப்பித்தரும் ஏற்பாடு 2021 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கணக்கில் அதிகம் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சிட்டங்களை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, நன்றாக மூடும் டப்பாவில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள். நான் சோம்பல்பட்டு விட்டதில் கருநீலச் சிட்டம் ஒன்றைப் பூச்சி தின்றுவிட்டது. மிஞ்சிய நூலில் ஒரே ஒரு காலுறைதான் தேறியது.