அக்குளில் ஒட்டும் வெப்ப உணரியைச் சரியாகப் பயன்படுத்தும் முறை
கடலூர் போன்ற கடலோர ஊர்களில், கோடைப் புழுக்கத்தில் அக்குள் எந்நேரமும் வியர்த்திருப்பதால், உடல்சூட்டை அளந்து புளூடூத் வழியே செல்பேசிக்கு அனுப்பும் உணரியை ஒட்டுமுன் அவ்விடத்தைப் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். பலர் அலட்சியப்படுத்தும் இந்தப் படியே மிக முக்கியமானது. உணரிக்குள் இருக்கும் தெர்மிஸ்டர் என்னும் சிறு மின்பாகத்தின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். அந்த மாற்றத்தையே கருவி டிகிரியாகக் கணக்கிடுகிறது. உணரியின் உலோகப் பரப்பு அக்குளின் நடுக்குழியில் தோலோடு படியுமாறு ஒட்டி, கையை விலாவோடு சேர்த்து வைத்து, எண் ஏறாமல் நிலைக்கும்வரை பொறுத்திருங்கள். அக்குள் அளவு வாய் அளவைவிட ஏறத்தாழ 1 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகவே காட்டும். 3 மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு 99 டிகிரியைத் தாண்டினாலே மருத்துவரைக் கேளுங்கள், 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.