பெய்ஜிங்கில் தனியாக ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்ப்படத் தொழில் தொடர்பாக அவ்வப்போது சீனாவுக்குச் செல்லும் நான், ஒவ்வொரு பயணத்திலும் பெய்ஜிங்கில் ஒரு நாளை எனக்கென்று ஒதுக்கிக்கொள்வேன். சென்ற முறை, பழைய பேரரசர்களின் அரண்மனையான தடைசெய்யப்பட்ட நகரத்தின் வடக்கு வாசலுக்கு வெளியே நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். தமிழ் காதில் விழுந்ததும் இளைஞர் ஒருவர் ஓடி வந்தார். "அண்ணா, தியானன்மென் சதுக்கத்துக்குத் திரும்பிப் போக உள்ளேயே வழி இல்லையா? விடமாட்டேங்கிறாங்க" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில், அதே கேள்வியோடு நானும் நின்றிருக்கிறேன். காலணி, தண்ணீர், மொழிபெயர்ப்புச் செயலி, பணம் செலுத்தும் அலிபே செயலி ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நகரத்தின் போக்குக்கு எதிராக நாளை அமைப்பது

பழைய பெய்ஜிங், தெற்கே யோங்திங்மென் வாசலில் தொடங்கி வடக்கே முரசுக் கோபுரம், மணிக் கோபுரம் வரை செல்லும் 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டின் மீது கட்டப்பட்டது. 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்த நடுக்கோட்டை, வரலாற்றுச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது. உங்கள் நாளை முடிவு செய்வதே அதுதான். சதுக்கம், அரண்மனை, ஜிங்ஷான் குன்று ஆகிய மூன்றும் அதன் மீது தெற்கிலிருந்து வடக்காக வரிசையாக அமர்ந்திருக்கின்றன. நடுவிலுள்ள அரண்மனையில் தெற்கிலுள்ள வூமென் வாசல் வழியாக நுழையலாமே தவிர, அவ்வழியே வெளியேற முடியாது. வடக்கிலுள்ள ஷென்வூமென் வழியாகவோ கிழக்கிலுள்ள தோங்ஹுவாமென் வழியாகவோதான் வெளியே வர வேண்டும்.

இதை அறியாமல், காலையில் அரண்மனை, பிற்பகலில் சதுக்கத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள தேசிய அருங்காட்சியகம் என்று நான் முன்பதிவு செய்திருந்தேன். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அருங்காட்சியகத்தில் நான் பார்க்க விரும்பியது ஒரே ஒரு பொருளை: மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரச காலத்தைச் சேர்ந்த, 832 கிலோ எடையுள்ள, நான்கு கால் கொண்ட வெண்கலக் கலம். இன்று மின் உலையும் மணல் அச்சும் வைத்துக்கொண்டே நாங்கள் திணறுகிற எடையில், களிமண் அச்சுகளைப் பொருத்தி வார்த்த கலம் அது. அதற்காகவே அந்தப் பயணத்தை ஒரு நாள் நீட்டித்து, விமானச் சீட்டை மாற்றிய கட்டணத்தையும் கட்டியிருந்தேன்.

அரண்மனை தெற்கு வடக்காக 961 மீட்டர் நீளமுடையது. முற்றம் முற்றமாகக் கடந்து ஷென்வூமென்னை அடைந்தபோது நேரம் இருப்பதாகவே நினைத்தேன். வந்த வழியே திரும்ப முயன்றபோது காவலர் கையால் வடக்கைக் காட்டினார். வெளியே கை காட்டியும் ஒரு டாக்சி கூட நிற்கவில்லை. அகழியை ஒட்டிக் கிழக்குப் பக்கமாகச் சுற்றித் தெற்கே இறங்கி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று முடிப்பதற்குள் எனக்கு ஒதுக்கிய நேரம் கடந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை விமானம். ஒரு வாசலில் செருப்பை விட்டுவிட்டு மறுவாசல் வழியாகக் கோயிலை விட்டு வெளியே வந்தவன் நிலைதான்.

இன்றும் எரிச்சலூட்டுவது, அதற்கு மாற்று வழி என் கண்ணெதிரே இருந்தது என்பதுதான். தோங்ஹுவாமென் வழியாக வெளியேறியிருந்தால், அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம் தெற்கே சிறிது தூரம்தான். அடுத்த பயணத்தில் வேண்டுமென்றே அந்த வாசல் வழியாக வந்து, சிவப்புக் கதவிலுள்ள பொன்னிறக் குமிழ்களை எண்ணிப் பார்த்தேன். மற்ற மூன்று வாசல்களின் கதவுகளில் வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசைகள் இருக்க, இந்தக் கதவில் மட்டும் எட்டு வரிசைகள், ஆக எழுபத்திரண்டு. பேரரசர்களின் சவப்பெட்டிகள் இவ்வழியே கொண்டு செல்லப்பட்டதுதான் காரணம் என்று சொல்வதுண்டு. ஷாங் கலத்தையும் அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே தெற்கிலிருந்து வடக்கே செல்லுங்கள். காலையில் சதுக்கம், பின்னர் அரண்மனை, பிற்பகல் சாய்ந்ததும் ஜிங்ஷான். அகழி தோண்டிய மண்ணைக் குவித்து எழுப்பிய அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் மிங் அரசின் கடைசிப் பேரரசர் 1644இல் தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். உச்சி மண்டபத்தில் நின்றால், காலையில் ஒவ்வொன்றாகக் கடந்து வந்த மஞ்சள் ஓட்டுக் கூரைகள் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். இதை முதலிலேயே பார்த்துவிட்டு உள்ளே செல்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். கால் ஓயாதவர்கள் மேலும் வடக்கே முரசுக் கோபுரம் வரை நடந்து, ஷிச்சாஹாய் நிலையத்தில் எட்டாம் தட மெட்ரோவைப் பிடிக்கலாம். தேசிய அருங்காட்சியகத்துக்கு வேறொரு காலைப்பொழுதை ஒதுக்குவதே நல்லது.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொல்லி, எதிரே இருந்த குன்றைக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, சதுக்கத்தை நோக்கிச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

முன்பதிவைத் தள்ளிப்போடுவது

அரண்மனைக்கு வாசலில் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வந்து, வூமென்னுக்கு எதிரே கடவுச்சீட்டும் கையுமாகத் திகைத்து நிற்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஏழு நாள் முன்னதாக, பெய்ஜிங் நேரப்படி இரவு 8 மணிக்கு, அதாவது இந்திய நேரப்படி மாலை 5:30க்கு முன்பதிவு திறக்கும். விடுமுறைக் காலங்களில் விரைவில் தீர்ந்துவிடும். சதுக்கத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டாலும் அதற்கும் தனி முன்பதிவு வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் தேசிய நாள் விடுமுறைக்காக நாடே பயணம் கிளம்பும் என்பதால், உங்களால் நாளைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை

பொது விடுமுறையாக இருந்தாலொழிய, அரண்மனை மூடியிருக்கும்.

கடவுச்சீட்டை அறையில் பூட்டிவைப்பது

பத்திரமாக இருக்கட்டும் என்று அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, தொலைபேசியில் அதன் படத்தோடு வருகிறார்கள். சீட்டு என்று தனியாக ஒரு தாள் கிடையாது; கடவுச்சீட்டே சீட்டு. பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அதை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சீனச் சட்டமும்கூட.

கூகுள் வரைபடத்தை நம்பி நடப்பது

வெளிநாட்டு ரோமிங்கில் கூகுள் திறக்கிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சீனாவில் வரைபடங்கள் வேண்டுமென்றே சற்று நகர்த்தப்பட்ட ஆயத்தொலைவுகளைப் பயன்படுத்துவதால், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழக்கூடும். சந்து பொந்துகள் நிறைந்த பகுதியில் அது போதும், அரை மணி நேரத்தை விழுங்க. அங்குள்ளவர்கள் பயன்படுத்தும் கௌத என்ற வரைபடச் செயலியையே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வழி கேட்டாலும் இடம், வலம் என்பதைவிடக் கிழக்கு, மேற்கு என்றே பதில் வரும் என்பதால் திசைமானியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

தேநீருக்கு அழைப்பவர்

வாங்ஃபுஜிங் கடைவீதியில் ஆங்கிலம் பழக விரும்புவதாகச் சொல்லித் தேநீர் விடுதிக்கு அழைப்பவர்கள் தனியாக வருபவரைத்தான் தேடுவார்கள். ரசீதைப் பார்த்தால் மயக்கம் வரும். போகாதீர்கள்.

அதே நாளில் பெருஞ்சுவர்

எழுபது கிலோமீட்டர். இன்னொரு நாள்.

மின்கலம் தீரும் வரை காத்திருப்பது

பணம், வரைபடம், மெட்ரோ, மொழிபெயர்ப்பு ஆகிய எல்லாம் ஒரே தொலைபேசியில் இருக்கும்போது, துணைக்கு வந்தவரின் தொலைபேசியும் இல்லாத தனிப்பயணிக்கு அது அணைந்தால் நாளே அணைந்துவிடும். கடைகளில் வாடகை பவர்பேங்க் கிடைக்கும். ஆனால் அதை எடுக்கவும் தொலைபேசியில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதால், இருபது சதவீதத்திலேயே எடுத்துவிடுங்கள்.