சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே டேட்டா வேலை பார்ப்பது எப்படி

டேட்டா வேலை, அதாவது கம்பெனியின் பதிவுகளிலிருந்து கணக்கு எடுத்து ஆராய்ந்து சொல்லும் வேலை என்றால், கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கித்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில், அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஆனால் சேருவதற்கு முன் கம்பெனி எந்த வகை என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கிற கம்பெனி வேறு, யாருமே ஆபீசில் இல்லை என்று வைத்தே வேலையை அமைத்திருக்கிற கம்பெனி வேறு. முதல் வகையில், ஆபீசில் இருக்கிற நாலு பேர் கோப்பி குடிக்கும்போதே முடிவெடுத்துவிடுவார்கள், உங்களுக்கு ரெண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். அதனால் நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள்: கடைசியாக எடுத்த ஒரு பெரிய முடிவை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? பதிலுக்குத் தடுமாறினால் யோசியுங்கள்.

ரெண்டாவது வகையில் எழுதுவதுதான் பாதி வேலை. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுப்பார்களே, அது போல இங்கேயும் உண்டு, ஆனால் எழுத்தில்: நேற்று எது முடிந்தது, இன்று எது, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மூன்றாவதை மறைக்கவே மறைக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு "தெரியவில்லை" என்று சொல்லக் கூச்சம் அதிகம். ஆபீசாக இருந்தால் முகத்தைப் பார்த்து யாராவது கேட்டுவிடுவார்கள். இங்கே நீங்கள் எழுதாதவரை யாருக்கும் எதுவும் தெரியாது.

ஓர் உதாரணம். "மார்ச் மாத விற்பனை எவ்வளவு?" என்று லண்டனில் இருக்கிற மேலாளரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்து கிடக்கும். உடனே எஸ்.கியூ.எல். (டேட்டாபேசிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். டேட்டாபேசில் நேரத்தைப் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருப்பார்கள், நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். ஏப்ரல் 1 காலை 7 மணிக்கு ஈப்போ கடையில் விற்றது, டேட்டாபேசில் மார்ச் 31 இரவு 11 மணி என்று பதிவாகியிருக்கும். அது எந்த மாதக் கணக்கு? திருப்பிக் கொடுத்த சரக்கைக் கழிக்க வேண்டுமா? இதையெல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "பதில் வரும்வரை மலேசிய நேரப்படி, திருப்பியதைக் கழித்து எடுக்கிறேன்" என்றும் சேர்த்து எழுதி, வேலையைத் தொடங்குங்கள். லண்டனில் வேலை நேரம் தொடங்க நமக்கு மாலை 4 அல்லது 5 மணி ஆகிவிடும், காத்திருந்தால் அன்றைய நாள் போச்சு.

இன்னும் வேலை கிடைக்காதவர்கள் பழக, அரசாங்கத்தின் பிரைஸ்கேட்சர் டேட்டா இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் கடையில் என்ன பொருள் என்ன விலை என்று அதிகாரிகள் குறித்தது. நம் பக்கத்துக் கடைகளில் கோழி விலை எப்படி ஏறி இறங்கியது என்று எடுத்து, எப்படி எடுத்தீர்கள் என்பதையும் ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள். சான்றிதழ்களை அடுக்குவதைவிட இது பேசும்.

இன்டர்நெட் லைன் விஷயம் சுருக்கமாக: உங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஃபைபர் வந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், லயத்து வீடுகளுக்கு வராமல் இருக்கலாம். கைப்பேசியில் வேறு கம்பெனி சிம் ஒன்று, மோடத்துக்கும் ரூட்டருக்கும் சின்னதாக ஒரு யு.பி.எஸ். பேட்டரி. பிற்பகல் இடிமழையில் கரண்ட் போனால் இதன் அருமை தெரியும்.

அதைவிடப் பெரிய சிரமம், "வீட்டுலதானே இருக்க" என்பது. கேஸ் தோம்பு வந்தால் நீங்கள், அத்தையைக் கிளினிக்கிற்கு அழைத்துப் போக நீங்கள். கோபப்பட வேண்டாம், அவர்கள் பார்த்த வேலையெல்லாம் வெளியே போய்ப் பார்த்தது. எந்த நேரத்தில் கூப்பிடக்கூடாது, எந்த நேரத்தில் நீங்கள் ஃப்ரீ என்று ரெண்டையும் சொல்லிவிடுங்கள். ஃப்ரீ என்று சொன்ன நேரத்தில் கட்டாயம் போங்கள், அப்போதுதான் மற்ற நேரத்தில் விடுவார்கள்.

அப்புறம் காசு. வெளிநாட்டுக் கம்பெனிகள் பல, உங்களை ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராகத்தான் எடுக்கும். சம்பளம் பெரிதாகத் தெரியும், ஆனால் முதலாளி பங்காக ஊழியர் சேமநிதிக்கு வர வேண்டிய 12 அல்லது 13 விழுக்காடு வராது, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் கிடையாது. அதையும் கூட்டிப் பார்த்துச் சம்பளம் பேசுங்கள். ஐ-சாரான் என்ற திட்டம் வழியாகச் சேமநிதிக்கு நீங்களே கட்டலாம், சொக்சோவிலும் சுயதொழில் செய்பவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. உள்ளூர்க் கம்பெனியில் ஏற்கெனவே ஊழியராக இருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: 2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டத்தின் கீழ் வேலை இடத்தையோ நேரத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், கடிதமாகவே கொடுங்கள்.