போலீஸ் ஏலத்தில் முதல் கார்: போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்ட வண்டிகளை மாவட்டக் காவல்துறை அவ்வப்போது பொது ஏலம் விடும். பெரும்பாலும் ஆயுதப்படை மைதானத்தில் நடக்கும். பாதி விலைக்குக் கார் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி நேராக ஏலத்தன்று போய் நிற்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் ஏல அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். பார்வையிடும் நாள், முன்பணம், கொண்டு போக வேண்டிய ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்கும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பார்வையிடும் நாள். எனக்கு ஏலத்தைவிட இதுதான் பெரிது. வண்டியை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றதில் பேட்டரி செத்திருக்கும். ஒரு நாள் கூலி கொடுத்தாவது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.

என்னுடன் வந்தவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. முதல் வேலையாகப் பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வெளியே தெரியும் பகுதி சுத்தம். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேறு. "இது வெள்ளத்துல நின்ன வண்டிங்க, விட்டுடுங்க" என்றார். பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது.

ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா பாருங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். கட்டை தேயாமல் இருந்தாலும் அது பழைய டயர்தான். சேசிஸ் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் போட்டு, பதிவான தேதி, எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், கடன் விவரங்களைப் பாருங்கள். சில வண்டிகளை ஆர்சி (பதிவுச் சான்று) இல்லாமல் உடைப்புக்கு மட்டுமே விடுவார்கள். அதை வாங்கினால் ரோட்டில் ஓட்ட முடியாது.

அப்புறம் கணக்கு. 1,50,000 ரூபாய்க்கு எடுத்து, அறிவிப்பில் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றிருந்தால் 27,000 சேரும். பேட்டரி, டயர், இன்சூரன்ஸ், சில்லறை வேலைகளுக்கு 40,000 வையுங்கள். ஆக, 2,17,000. வெளியில் அதே வண்டி 2,25,000க்குக் கிடைத்தால் ஏலத்துக்கு அலைய வேண்டியதே இல்லை. உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

ஏலத்தில் வியாபாரிகளும் காயலான் கடைக்காரர்களும் கூட்டமாக நிற்பார்கள். அவர்கள் வேகத்துக்குக் கேட்காதீர்கள். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கேட்கும்போது கை தானாக உயரும், தாளைப் பாருங்கள். எடுத்துவிட்டால் சொன்ன கெடுவுக்குள் முழுப்பணமும் கட்ட வேண்டும்.

பணம் கட்டியதும் விற்பனை உத்தரவைக் கையெழுத்துடன் வாங்குங்கள். ஏல வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 32. வண்டியை எடுத்த 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வழக்கமான 29, 30 படிவங்கள் இதற்கு இல்லை.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டி வராதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். வீட்டில் பழைய பெட்ரோலை வடித்து, ஆயில் மாற்றிய பிறகே சாவியைத் திருகுங்கள்.