பீரங்கிமேட்டுக்குப் போகும் முன்: டெல்டா அருங்காட்சியகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன், முகூர்த்தம் முடிந்து ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று குடும்பத்தோடு தஞ்சாவூர் அரண்மனைக்குப் போனான். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்து போன் செய்தான். "ஒண்ணும் இல்லண்ணே. சாமி சிலைங்க, கொஞ்சம் பழைய சாமான். போர், படைன்னு அவ்வளவு சொன்னீங்களே, அதெல்லாம் எங்க இருக்கு?"

கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் சிலையைப் பார்த்தாயா என்று கேட்டேன். கோயிலுக்குக் கோயில் இருக்கிற சிலைதானே என்று தாண்டிப் போயிருக்கிறான். அந்தச் சிலை ஒரு போரில் கிடைத்த வெற்றிப் பொருள். முதலாம் ராஜாதிராஜ சோழன் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைச் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தைத் தாக்கி, அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சிலை அது. அந்த ஊர் இன்று கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்ற பெயரில் இருக்கிறது. விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் 'எறிந்து கொடுவந்த துவாரபாலகர்' என்று சிலையிலேயே தமிழில் வெட்டிவைத்திருக்கிறார்கள். விஜயராஜேந்திரன் என்பது ராஜாதிராஜனின் பட்டப்பெயர். 'எறிந்து' என்றால் தாக்கி அழித்து. நெடுங்காலம் தாராசுரம் கோயிலில் இருந்து, பிறகு தஞ்சைக் கலைக்கூடத்துக்கு வந்தது. முகமும் நகைகளும் சோழச் சிற்பிகளின் கைவேலையாக இல்லை என்பது கொஞ்சம் நின்று பார்த்தாலே தெரியும்.

போர் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வாளைத் தேடுவதைத்தான் நம் பக்கம் மக்கள் செய்யும் முதல் தவறாகச் சொல்வேன். பீரங்கி வண்டிகளையும் போர் விமானங்களையும் வரிசையாக நிறுத்திவைத்த ராணுவ அருங்காட்சியகம் போன்ற ஒன்றை டெல்டாவில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தஞ்சையில் பெரிய ஆயுதசாலை இருந்தது உண்மை. அரண்மனையின் உயர்ந்த கோபுரத்தை இன்றைக்கும் ஆயுத கோபுரம் என்றே சொல்கிறோம். 1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அதன்பின் ஆயுதசாலை கலைக்கப்பட்டு, பெரும்பகுதி பழைய இரும்பாகப் போய்விட்டது. தப்பியவற்றில் சிறந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தஞ்சையின் கட்டாரிகளையும் வாள்களையும் பார்க்க ஆசைப்படுகிறவர் போக வேண்டிய இடம் எழும்பூர்.

"ராஜராஜன் வாள் எங்கே?" என்று ஊழியர்களைக் கேட்டுக் கோபப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தென்னாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் ஆயுதங்களில் பெரும்பாலானவை நாயக்கர், மராட்டியர் காலத்தவை. சோழரின் போர்களைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும்தான் தேட வேண்டும். ராஜேந்திரன் கடல் கடந்து கடாரத்து அரசனைப் பிடித்த செய்தி பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. அதே கோயிலுக்குள் நுழையும்போது ஓர் அகழியையும் கோட்டை மதிலையும் கடக்கிறோம். நாயக்கர் காலத்தில் கோயிலைச் சுற்றி எழுப்பிய சிறுகோட்டை அது. கோபுரத்தை நோக்கிக் கண் போய்விடுவதால் அகழியை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது பீரங்கி. கீழவாசலில் கொத்தளத்தின் மேல் ராஜகோபால பீரங்கி கிடக்கும் இடத்தை ஊரே பீரங்கிமேடு என்றுதான் சொல்கிறது. 24 அடிக்கும் மேல் நீளம், எடை சுமார் 22 டன் என்பார்கள். அங்கே போனால் யாராவது ஒருவர் கதை சொல்லத் தொடங்குவார்: ஒரே ஒரு தடவை வெடித்தது, சத்தத்தில் ஊரே செவிடாகிவிட்டது, கீழே சுரங்கம் இருக்கிறது, அது பெரிய கோயில் வரை போகிறது. கதை கேட்பதில் தப்பில்லை. கதையோடு இறங்கிவிடுவதுதான் தப்பு. அந்தப் பீரங்கி வார்த்து எடுத்ததல்ல. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி உள்குழலாக்கி, அதன்மேல் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றையடுத்து ஒன்றாக மாட்டி, அடித்து இணைத்திருக்கிறார்கள். இவ்வளவு எடையுள்ள இரும்பைச் சூடு ஆறாமல் திருப்பிப் பிடித்து அடிக்க எத்தனை உலை எரிந்திருக்கும், எத்தனை கொல்லர்கள் நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாய்ப்பக்கம் நின்று படம் எடுத்த பிறகு பக்கவாட்டில் நடந்து அந்த வளையங்களின் விளிம்பைக் கண்ணால் தொடருங்கள். 400 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது, இன்னும் துரு அதைத் தின்றுவிடவில்லை. எனக்கு அந்தப் பெயர் தெரியாத கொல்லர்கள்மேல் இருக்கும் மரியாதை, அதைச் செய்யச் சொன்ன அரசர்மேல் இருப்பதைவிட அதிகம்.

செய்யச் சொன்னவர் ரகுநாத நாயக்கர் என்பார்கள். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போங்கள். 1620இல் டென்மார்க்கிலிருந்து ஓவ் கெட்டே என்பவர் கப்பல்களோடு வந்தபோது, கோட்டை கட்ட இடம் கொடுத்து ஒப்பந்தம் செய்தவர் இதே ரகுநாத நாயக்கர்தான். டேனியர்கள் தஞ்சைக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம் கட்டினார்கள். நாயக்கர் டேனிய அரசருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பீரங்கி தஞ்சையில், கோட்டை தரங்கம்பாடியில், கடிதம் டென்மார்க்கில். மூன்றும் ஒரே ஆட்சியின் துண்டுகள். இங்கே ஒவ்வோர் இடத்தையும் தனித்தனிப் பிக்னிக்காகப் பார்ப்பதால்தான் எதுவும் மனதில் நிற்பதில்லை.

டேனிஷ் கோட்டையில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, அதை வெள்ளைக்காரன் கட்டிய அழகான கட்டடமாக மட்டும் பார்ப்பது. கடலைப் பார்த்த மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கீழ்த்தளத்துக் கிடங்குகளையும் சிறை அறையையும் எட்டிப் பாருங்கள். அது வியாபாரத்துக்காகவும் அந்த வியாபாரத்தைத் துப்பாக்கியால் காப்பதற்காகவும் கட்டிய இடம். அப்புறம் நடக்கும் தூரத்தில், 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அது பெயருள்ள ஊர். கோட்டையைப் பார்த்தவர்கள் இந்தக் கோயிலைப் பார்க்காமல் போவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். 1845இல் டேனியர்கள் கோட்டையோடு ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

கரையில் நடந்ததும் உள்நாட்டில் நடந்ததும் வேறு வேறு என்று நினைப்பதும் அப்படித்தான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 3ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் ஆங்கிலக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஆங்கிலக் கப்பல்கள் காரைக்கால் பக்கம் நிற்கிற செய்தி வந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். தஞ்சைக் கோட்டையைக் காப்பாற்றியதில் வங்கக் கடலுக்கும் பங்கு உண்டு. இது தெரிந்தவர் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நிற்கும்போது வேறு விதமாக நிற்பார்.

மனோராவிலும் இதே கதைதான். பட்டுக்கோட்டைப் பக்கம், மல்லிப்பட்டினத்துக்கு அருகே, சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலோரம் நிற்கும் அறுகோணக் கோபுரம். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814, 1815 வாக்கில் கட்டியது. பலரும் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் ஒருவர் தோற்றதற்குத் தஞ்சை அரசர் ஏன் இங்கே கோபுரம் கட்ட வேண்டும் என்று கேட்பதில்லை. 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போய், சரபோஜியிடம் கோட்டையும் அதைச் சுற்றிய இடமும்தான் மிஞ்சின. இன்னொருவரின் வெற்றிக்கு எழுப்பிய கோபுரம் அது. 1799இல் நடந்ததைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எனக்கு அது ஒரு துக்கச் சின்னமாகத் தோன்றுகிறது.

அரசர்களையும் தளபதிகளையும் மட்டுமே தேடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் இல்லாதவர்கள்தான் இந்த மண்ணில் அதிகம். 1659 முதல் 1661 வரை படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சை நாட்டைச் சூறையாடியபோது, டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். நாகப்பட்டினம் அப்போது அவர்கள் கையில் இருந்தது. 1781இல் ஹைதர் அலியின் படை வந்தபோது ஊர்கள் காலியாயின, வயல்கள் தரிசாயின. அதை 'ஐதர் கலாபம்' என்று சொல்லும் வழக்கு வெகுகாலம் இருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் கொள்ளிடக்கரை அருகே ஹைதரின் மகன் திப்பு சுல்தான், ஆங்கிலேயக் கர்னல் பிரைத்வெயிட்டின் படையைச் சுற்றிவளைத்துத் தோற்கடித்தார். நாற்று நடும் காலத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, இந்த வயல்களை விட்டு ஓடியவர்களையும் திரும்பிவந்து மறுபடி உழுதவர்களையும்தான் நினைத்துக்கொள்வேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கிளம்பும் முன் அவர்களிடம் பேசிவிட்டுப் போங்கள். ஊர்ப்பெயர், மேடு, திடல் பற்றி அவர்கள் சொல்வது எல்லாமே வரலாறாக இருக்காது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அது காட்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை ஞாயிறு என்று நினைத்து வேறு நாளில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. அரசு அருங்காட்சியகங்களில் வெகுகாலமாக வெள்ளிக்கிழமைதான் விடுமுறை வழக்கம். சில இடங்களில் வேறு நாளும் உண்டு. முந்தின நாள் விசாரித்துவிடுங்கள். தஞ்சாவூரையும் தரங்கம்பாடியையும் ஒரே நாளில் அடக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் அளவு தூரம், கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் நெரிசல். தரங்கம்பாடியில் உச்சி வெயிலில் நிழலே கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செப்புத் திருமேனியைத் தொட்டுக் கும்பிடுவது நம் பழக்கம். கையின் வியர்வை உலோகத்தை அரிக்கும், அதனால் அங்கே கைகட்டியே கும்பிடலாம்.

குழந்தைகளை அழைத்துப் போனால் எல்லா அறையையும் சுற்றிக்காட்டி அவர்களைக் களைக்கவைக்காதீர்கள். தஞ்சாவூர் அரண்மனையில், 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. முதலில் அங்கே விட்டுவிடுங்கள். அதன்பிறகு ஒரே ஒரு பொருள் போதும். காலியான அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம், "ஐயா, இதுல உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் எழுந்து வந்து காட்டுவதை எந்தப் பலகையிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சித்தப்பா மகன் பங்குனியில் மறுபடி வந்தான். இந்த முறை நானும் கூடப் போனேன். பெரிய கோயில் அகழியைப் பார்த்தோம், பீரங்கிமேட்டில் வளையங்களை எண்ண முயன்று பாதியில் விட்டோம், கடைசியாகக் கலைக்கூடம். ஆறாவது படிக்கும் அவன் மகள் துவாரபாலகர் முன்னால் உட்கார்ந்து பழைய எழுத்துகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைய எழுத்தோடு ஒத்துப்போகிற நாலு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்து, "பெரியப்பா, அங்க கதவுல இருந்த இன்னொருத்தர் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாள்.