ஸுப்ஹு குனூத்: ஓதும் முறையும் பொருளும்

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என ஷாஃபிஈ மத்ஹபினர் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றைப் பின்பற்றுவோர்) வாழும் ஊர்களில் ஸுப்ஹின் (வைகறைத் தொழுகையின்) இரண்டாம் ரகஅத்தில் (தொழுகைச் சுற்றில்) ஓதும் குனூத், அதாவது நின்றபடி ஓதும் துஆ இது. இன்னொரு மத்ஹபினரான ஹனஃபிகள் வித்ரில் (இரவின் ஒற்றைப்படைத் தொழுகையில்) ருகூஉக்கு (குனிதலுக்கு) முன் ஓதுவது வேறு துஆ. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த ஸுப்ஹு குனூத்தின் வாசகத்தை நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்கு வித்ருக்காகக் கற்றுக்கொடுத்ததாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது.

1. ருகூஉவிலிருந்து எழுந்து, "ரப்பனா லகல் ஹம்து" சொல்லி நேராக நின்றதும் கைகளை நெஞ்சளவுக்கு ஏந்துங்கள்.

2. முதலில் ஐந்து வேண்டுதல்கள்:

அல்லாஹும்மஹ்தினீ ஃபீமன் ஹதைத் – நீ நேர்வழி காட்டியவர்களோடு எனக்கும் காட்டு.
வஆஃபினீ ஃபீமன் ஆஃபைத் – நீ சுகம் அளித்தவர்களோடு எனக்கும் அளி.
வதவல்லனீ ஃபீமன் தவல்லைத் – நீ பொறுப்பேற்றவர்களோடு என்னையும் ஏற்றுக்கொள்.
வபாரிக் லீ ஃபீமா அஃதைத் – நீ தந்ததில் பரக்கத் செய்.
வகினீ ஷர்ர மா களைத் – நீ விதித்ததன் தீங்கிலிருந்து காப்பாற்று.

3. அடுத்து புகழ். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்:

ஃபஇன்னக தக்ளீ வலா யுக்ளா அலைக் – நீயே தீர்ப்பளிக்கிறாய். உனக்கு எதிராகத் தீர்ப்பில்லை.
வஇன்னஹு லா யதில்லு மன் வாலைத் – நீ நேசித்தவர் இழிவடையமாட்டார்.
வலா யஇஸ்ஸு மன் ஆதைத் – நீ பகைத்தவர் கண்ணியம் பெறமாட்டார்.
தபாரக்த ரப்பனா வதஆலைத் – எங்கள் இறைவா, நீ பாக்கியமிக்கவன், உயர்ந்தவன்.

"தக்ளீ", "யுக்ளா" இடம் மாறினால் பொருளே தலைகீழாகிவிடும். அந்த ஒரு வரியைத் தனியாகப் பத்து முறை ஓதிவிட்டு, பிறகு மற்றவற்றோடு சேருங்கள். "யதில்லு"வில் வருவது தால் (ذ). அதை ளாத் (ض) ஆக ஓதினால் 'இழிவடையமாட்டார்' என்பது 'வழிதவறமாட்டார்' என்றாகிவிடும். தமிழில் எழுதிய துஆவை மட்டும் நம்பக் கூடாது என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்: "ஹதைத்"தில் முதல் 'த' தால் (د), கடைசி 'த்' தே (ت), தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. மதரஸா உஸ்தாதிடம் ஒருமுறை ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

4. "ஃபலகல் ஹம்து அலா மா களைத், அஸ்தக்ஃபிருக வஅதூபு இலைக்" சேர்த்து, ஸலவாத்தோடு (நபி மீதான வாழ்த்தோடு) முடியுங்கள். ஸலவாத்தை விட்டுவிடாதீர்கள்.

ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) இமாம் "இஹ்தினா" (எங்களுக்கு நேர்வழி காட்டு) என்று பன்மையில் ஓதுவார். வேண்டுதல்களுக்கு ஆமீன் சொல்லுங்கள். "ஃபஇன்னக"விலிருந்து நீங்களும் மெதுவாக ஓதுங்கள்.

பிற்சேர்க்கை: தனியாகத் தொழும்போது மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். நெற்றி தரையில் படுமுன் நினைவு வந்தால் எழுந்து ஓதலாம். ஸுஜூதில் நெற்றியை வைத்துவிட்டால் திரும்பக் கூடாது. ஸலாமுக்கு முன் ஸஹ்வுடைய (மறதிக்கான) இரண்டு ஸஜ்தா செய்யுங்கள்.