பீட்ரூட்டைப் போத்தலில் அடைத்தல்: ஆமிஷ் முறையும் மலையகக் கணக்கும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. கோடையில் தோட்டத்தில் விளைந்ததைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, நிலவறைத் தட்டுகளில் அடுக்கிவைத்துப் பனிக்காலம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். இரண்டு கிழமைக்கொரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் ஆராதனை நடக்கும். முடிந்ததும் பரிமாறும் எளிய சாப்பாட்டில் பாண், கச்சான் பட்டர், சீஸ், கோப்பி இவற்றோடு வினாகிரியில் போட்ட சிவப்பு பீட்ரூட்டும் அநேகமாக இருக்கும்.

நம் அச்சாறைப் போல இதில் கடுகு அரைப்பதில்லை, காரமும் இல்லை. புளிப்பும் இனிப்பும் கறுவா வாசமும்தான். கெப்பெட்டிப்பொல சந்தையில் விலை விழுந்து பீட்ரூட் மூட்டைகள் வாடிக் கிடக்கும் நாட்களில், விறகடுப்பும் ஒரு பெரிய பானையும் உள்ள எந்த வீட்டிலும் செய்யலாம்.

ஆனால் மூடிய போத்தலைக் கொதிநீரில் வைக்கும் அவர்கள் வீட்டு நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லங்காஸ்டர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 110 மீற்றர் அளவே உயரம். தண்ணீர் 100 பாகைக்குக் கிட்டத்தட்டக் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் சூடு அதற்கு மேல் ஏறாது. குறைந்த சூட்டில் கிருமி சாக அதிக நேரம் வேண்டும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் சோதித்துச் சொல்லும் கணக்கின்படி, அடைத்த பீட்ரூட் போத்தலை லங்காஸ்டரில் 30 நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். கண்டியிலும் பதுளையிலும் 35 நிமிடம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்றால் 40. நுவரெலியாவிலும் அதற்கு மேலேயும் 45. உங்கள் தோட்டம் எந்த உயரம் என்று தெரியாவிட்டால் 45ஐயே வைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் கொஞ்சம் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான்.

அரை லீற்றர் போத்தல் நான்குக்கு அளவு இது: 5 முதல் 6 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள பீட்ரூட் 1.6 கிலோ, வினாகிரி 475 மில்லிலீற்றர், தண்ணீர் 240 மில்லிலீற்றர், சீனி 200 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, கறுவாப் பட்டை ஒன்று, கராம்பு ஆறு, பெரிய வெங்காயம் இரண்டு அல்லது மூன்று. பெரிய பீட்ரூட்டின் நடுப்பகுதி நாராக இருக்கும். விலை மலிவென்று அதை வாங்காதீர்கள்.

வினாகிரி விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. போத்தல் லேபிளில் அமிலம் 5 வீதம் என்று இருக்க வேண்டும். 4 வீதம் என்றிருந்தாலோ, ஒன்றுமே எழுதாமலிருந்தாலோ, கள்ளைப் புளிக்கவைத்து வீட்டில் எடுத்ததாக இருந்தாலோ இந்த வேலைக்கு ஆகாது. புளிப்பு அதிகமென்று தோன்றினால் சீனியைக் கூட்டுங்கள். வினாகிரியைக் குறைக்கவோ தண்ணீரைக் கூட்டவோ வேண்டாம். அந்தப் புளிப்புதான் நஞ்சு உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளராமல் காக்கிறது. காற்றில்லாத போத்தல் அந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம்; நஞ்சு இருந்தாலும் வாசமோ ருசியோ மாறாமலே இருக்கலாம்.

பீட்ரூட்டைக் கழுவி, தண்டையும் வேரையும் ஓரங்குல நீளம் விட்டு நறுக்குங்கள். ஒட்ட நறுக்கினாலும், அவிக்குமுன் தோல் சீவினாலும் சாயம் தண்ணீரில் போய்விடும். ஒரே அளவானவற்றைச் சேர்த்து அவியுங்கள். கத்தி இலகுவாக இறங்க வேண்டும். தாழ்வான ஊரில் அரைமணி நேரம் போதும், மேட்டில் இன்னும் ஆகும். அவித்த நீரைக் கொட்டிவிட்டு, ஆறியதும் தோலை விரலால் உரித்து, கால் அங்குலத் தடிப்பில் வட்டமாக வெட்டுங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் வினாகிரி, தண்ணீர், சீனி, உப்பு, துணியில் முடிந்த கறுவாவும் கராம்பும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அலுமினியம், செம்புப் பாத்திரங்களை வினாகிரி அரிக்கும். பீட்ரூட்டையும் மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தையும் போட்டு 5 நிமிடம் மெதுவாகக் கொதித்ததும் முடிச்சை எடுத்துவிடுங்கள். அயடின் உப்பால் நீர் கொஞ்சம் கலங்கலாம், கெடுதல் இல்லை.

போத்தல்கள் சுடுநீரில் கிடந்து சூடாகவே இருக்க வேண்டும். குளிர்ந்த போத்தலில் கொதிக்கும் நீரை ஊற்றினால் அடி கழன்று விழும். விளிம்புக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக இடம் விட்டு நிரப்பி, மெல்லிய கரண்டிக் காம்பை உள்ளே விட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். விளிம்பில் ஒரு துளி பிசுக்கு இருந்தாலும் மூடி பிடிக்காது. தட்டை மூடியும் வளையமும் தனித்தனியாக உள்ள போத்தலே நல்லது. தட்டை மூடி ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். பழைய ஜாம் போத்தலும் அதன் பழைய மூடியும்தான் இருக்கின்றன என்றால், இனிவரும் வேலையை விட்டுவிட்டு நேரே பிரிட்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள்.

பெரிய பானையின் அடியில் மடித்த துணி விரித்து, போத்தல்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓரங்குலம் நிற்கும்படி சுடுநீர் ஊற்றுங்கள். நேரத்தைத் தண்ணீர் துள்ளிக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து எண்ணுங்கள். விறகு தணிந்து கொதி நின்றுவிட்டால் மறுபடி கொதி வந்ததும் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே விறகைப் போதுமான அளவு பிளந்து பக்கத்தில் வைத்த பிறகே தொடங்குங்கள். நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து 5 நிமிடம் விட்டு எடுங்கள். அவசரப்பட்டால் நீர் மூடி வழியே கசியும். மலைக்குளிரில் சில்லிட்ட சீமெந்துத் தரையில் வைத்தால் போத்தல் வெடிக்கும். தடித்த துணிமேல், காற்றுப் படாத மூலையில் வையுங்கள்.

12 முதல் 24 மணிநேரம் தொடாதீர்கள். பிறகு மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் சரி. டிக்கென்று மேலெழும்பினால் அந்தப் போத்தலை பிரிட்ஜில் வையுங்கள். வளையங்களைக் கழற்றித் துடைத்து, ஓராண்டுக்குள் முடியுங்கள். மழை மாதங்களின் மூடுபனியில் மூடி துருப்பிடிக்கும் என்பதால் வெளிச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

கரட், போஞ்சி, லீக்ஸ் ஆகியவற்றை வெறும் உப்புத் தண்ணீரில் இப்படி அடைக்கவே கூடாது. அவற்றுக்குப் போத்தல் அடைப்பதற்கென்றே செய்த அழுத்தப் பானை வேண்டும். விசில் அடிக்கும் சமையல் குக்கர் அதற்கு ஈடாகாது.

பீட்ரூட் தீர்ந்த போத்தலின் சிவப்பு நீரில் அவித்து உரித்த முட்டைகளை ஊறவைப்பது லங்காஸ்டர் பக்கத்து வழக்கம். மூன்று நாளில் வெள்ளைக்கரு ரோசாப்பூ நிறமாகும். இதற்கு பிரிட்ஜ் கட்டாயம் வேண்டும்; பல ஆமிஷ் வீடுகளிலும் இதற்கெல்லாம் காஸில் ஓடும் பிரிட்ஜ் இருக்கிறது. 1997இல் இலினோய் மாநிலத்தில் ஒருவர் முட்டைகளைப் பல்குத்தியால் குத்தி, பீட்ரூட்டோடு வினாகிரியில் போட்டு வெளியே வைத்துச் சாப்பிட்டதில் பொட்டுலிசம் வந்தது. குத்திய துளை வழியே கிருமி மஞ்சள்கருவுக்குள் போக, வினாகிரி அங்கே போய்ச் சேரவில்லை. முட்டையைக் குத்தாதீர்கள், ஒரு கிழமைக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.